அப்பா என்னை அடையாளம் தெரியாமல் பேசுகிறார்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. நிமோனியாவுக்காக ஐ.சி.யு.வில் இருக்கிறார். வெண்டிலேட்டர் குழாயை எடுத்து இரண்டு நாள் ஆகிறது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்கிறார். என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ராத்திரியில் குழாய்களைப் பிடுங்கப் பார்த்ததால் கையைக் கட்டியிருக்கிறார்கள். பத்து நிமிடம்தான் உள்ளே விடுகிறார்கள். மூளை பாதித்துவிட்டதா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் சொல்வது பெரும்பாலும் ‘டெலிரியம்’ என்கிற தற்காலிக மனக்குழப்பம். வயதானவர்களுக்கு, அதிலும் வெண்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு, அடிக்கடி வருவது. கிருமித்தொற்று, மயக்க மருந்துகள், தூக்கமின்மை, ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு குறைவது எல்லாம் சேர்ந்து இதைக் கிளப்பும். பலருக்குச் சில நாட்களில் தெளியும். சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும்.

அந்தப் பத்து நிமிடம் பெரிய மருந்து. கையைச் சுத்தம் செய்துகொண்டு, அவர் கண்ணுக்கு நேரே நில்லுங்கள். “அப்பா, நான் உங்க பொண்ணு. இது ஆஸ்பத்திரி. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம்” என்று மெதுவாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். எறும்பே இல்லை என்று வாதாட வேண்டாம், ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். “உங்களுக்குப் பயமா இருக்கு, நான் பக்கத்துல இருக்கேன்” போதும். வீட்டில் கண்ணாடி, காது மெஷின் போடுபவர் என்றால் இன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். சரியாகப் பார்க்கவும் கேட்கவும் முடியாதவருக்குக் குழப்பம் கூடும்.

கையைக் கட்டியிருப்பதைப் பார்க்க மனசு தாங்காதுதான். சிறுநீர்க் குழாயின் நுனியில் தண்ணீர் நிரப்பிய பலூன் இருக்கிறது. அப்படியே இழுத்தால் சிறுநீர்ப் பாதை கிழிந்து ரத்தம் கொட்டும். ஆனால் கட்டே பதற்றத்தைக் கூட்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அவிழ்க்கலாமா என்று நர்ஸைக் கேளுங்கள், நீங்களாக அவிழ்க்காதீர்கள். எந்தக் குழாயை இனி எடுத்துவிடலாம் என்று டாக்டரிடம் தினமும் கேளுங்கள்.

தாகம் என்று கெஞ்சினாலும் ரகசியமாகத் தண்ணீரோ இளநீரோ ஊட்டாதீர்கள். வெண்டிலேட்டர் குழாயை எடுத்த புதிதில் விழுங்கும் திறன் குறைந்திருக்கும். நுரையீரலுக்குள் போனால் மறுபடி நிமோனியா. நாக்கு வறண்டால் ஈரப் பஞ்சால் துடைக்கலாமா என்று கேளுங்கள்.

அவருக்குக் குடிப்பழக்கமோ தினமும் தூக்க மாத்திரையோ உண்டென்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவை திடீரென்று நின்றாலும் இப்படி ஆகும். அதற்குச் சிகிச்சை வேறு.

கத்துபவரை எல்லோரும் கவனிப்பார்கள். திடீரென்று பேச்சடங்கி, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்து மூடினால் “தூங்கட்டும்” என்று விடாதீர்கள். டெலிரியத்தில் அமைதியான வகையும் உண்டு. வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள்.