குழந்தை உரிமைக்கு ஆணையமும் குழுவும் இருந்தும் ஏன் வேலை நடப்பதில்லை? எதை வலுப்படுத்த வேண்டும்?

ஆணையத்தை விடுங்கள், முதலில் மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் நலக் குழுவைப் பாருங்கள். ரயில் நிலையத்தில் தனியாக நிற்கிற பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டியது அந்தக் குழு முன்னால்தான். 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி ஒரு தலைவர், 4 உறுப்பினர்கள், மாதம் குறைந்தது 20 நாள் அமர்வு, முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குள்ள அதிகாரம். காகிதத்தில் பலமான அமைப்புதான்.

சிக்கல் எங்கே என்றால், இறுதி உத்தரவு போட 3 பேராவது உட்கார வேண்டும். பதவிக்காலம் 3 வருடம். அது முடிந்து புது ஆட்களைப் போட அரசு இழுத்தடித்தால் கோப்பு அப்படியே கிடக்கும், பிள்ளையும் வீட்டுக்குப் போகாமல் குழந்தைகள் இல்லத்திலேயே கிடக்கும். ஆகவே பதவி காலியாவதற்கு முன்பே தேர்வை முடிப்பதுதான் என் கணக்கில் முதல் வேலை (இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், தேதி பார்த்து வேலை செய்தால் போதும்). அப்புறம் குடும்பச் சூழலை நேரில் போய் விசாரித்து 15 நாளில் அறிக்கை தர ஆள் வேண்டும். அந்த அறிக்கை இல்லாமல், குடிக்கிற அப்பாவிடமே பிள்ளையைத் திருப்பி அனுப்பலாமா, பாட்டியிடம் விடலாமா என்று குழு எதை வைத்து முடிவெடுக்கும்?

சரி, ஆணையம்? 2005 குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையங்கள் சட்டப்படி விசாரணையில் சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு, ஆனால் முடிவில் அரசுக்குப் பரிந்துரைதான் செய்யலாம், மிஞ்சினால் உயர் நீதிமன்றம் போகலாம். அந்தப் பரிந்துரைக்குத் துறைகள் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தாலே பாதி தூக்கம் கலையும்.