நடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்ட்ரோல், ஆம்பிள், சான்டர் மூன்றுக்கும் அகராதி 'உலாவுதல்' என்றே பொருள் தருகிறது. மூன்றும் ஒன்றுதானா?

பதில்: அகராதியைக் குறை சொல்வதற்கில்லை. 'தள்ளாடி நடந்தான்', 'நொண்டி நடந்தான்' எனத் தமிழில் நடையின் தன்மையை வினையெச்சம் சொல்லிவிடுகிறது. ஆங்கிலமோ அதையும் வினைக்குள்ளேயே அடக்கிவிடுவதால், ஒற்றைச் சொல்லில் பொருள் எழுதும்போது அந்தத் தன்மை நழுவிப்போகிறது. ஸ்ட்ரோல் என்பது பொழுதுபோக்காக உலாவுவது. ஆம்பிள் என்பது அவசரமில்லாத சீரான நடை. முதலில் குதிரையின் நடைக்கு வழங்கிய சொல் இது. சான்டர் என்பதில் சற்று அலட்சியம் கலந்திருக்கும்: கூட்டம் தொடங்கி அரைமணி கழித்து, கைகளைப் பைக்குள் விட்டபடி ஒருவர் நிதானமாக உள்ளே வருகிறாரே, அதுதான்.

கேள்வி: ட்ரட்ஜ், ப்ளாட், ஷஃபிள் ஆகியவற்றை எப்படிப் பிரித்தறிவது?

பதில்: ஷஃபிள் என்பதற்குப் பாதத்தைப் பாருங்கள். தொளதொளத்த செருப்பு கழன்றுவிடாமலிருக்கக் காலைத் தூக்காமல் 'சரக் சரக்' என்று தேய்த்து நடப்பது அது. மற்ற இரண்டும் கனத்த நடைகள். சேற்றில் புதைந்த காலை ஒவ்வொரு முறையும் பிடுங்கி வைப்பவரின் களைப்பும் சலிப்பும் ட்ரட்ஜ் என்ற சொல்லில் உண்டு. ப்ளாட் என்பதில் மெதுவோடு விடாப்பிடியும் சேர்கிறது. அதனால்தான் சலிக்காமல் படிப்பவருக்கும் அச்சொல் பொருந்துகிறது.

கேள்வி: ஹைக், ட்ரெக்?

பதில்: இரண்டும் மலை, காடு போன்ற இடங்களில் போகும் நெடுநடை. ஹைக் பெரும்பாலும் ஒரு நாளில் முடியும், ட்ரெக் கடினமானது, பல நாள் நீள்வது. 'இழு' என்ற பொருளுடைய டச்சு வினையிலிருந்து பிறந்து, தென்னாப்பிரிக்காவில் மாட்டு வண்டிகளின் நெடும்பயணத்தைக் குறித்த ட்ரெக் என்ற சொல், 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது.

கேள்வி: 'ஐ வென்ட் பை வாக்' என்பது சரியா?

பதில்: தவறு. 'பை' என்பதை வாகனத்தோடு சேருங்கள். நடைக்கு 'ஆன் ஃபுட்' அல்லது வெறும் 'ஐ வாக்ட்' போதும்.

கேள்வி: வேகமாக நடந்தால் அது ரன் ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. ஓட்டத்தில் இரு பாதங்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும். நடையில் ஒன்றாவது தரையில் இருக்கும். நடைப்போட்டியின் விதியும் இதையே கேட்கிறது. முன்னணி வீரர்கள் 20 கிலோமீட்டரை 80 நிமிடத்துக்குள் கடந்தாலும் அதற்குப் பெயர் வாக் தான்.