துணிச் சித்திரம்: வாசகர் கேள்வி – பதில்

மேல்துணி, நடுவில் பஞ்சு ஷீட், அடித்துணி என மூன்றடுக்கைச் சேர்த்துத் தைத்துச் சுவரில் மாட்டும் சிறிய ஆர்ட் குவில்ட் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: 12 அங்குலச் சதுரமாக வெட்டி மிஷினில் தைத்தேன். முடித்து அளந்தால் ஒரு பக்கம் 11½, இன்னொரு பக்கம் 11¼. ஓரமெல்லாம் அலை அலையாக நிற்கிறது. எங்கே தவறு?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலிலேயே சரியாக 12-க்கு வெட்டியதுதான் தவறு. ஒவ்வொரு தையலும் பஞ்சை அமுக்கித் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். தையல் நெருங்க நெருங்கச் சுருக்கம் கூடும். அடுத்த முறை மேல்துணியை 14, பஞ்சையும் அடித்துணியையும் 15 அங்குலத்துக்கு வெட்டுங்கள். 3 அங்குலத்துக்கு ஓர் ஊக்கு குத்தி, நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வாருங்கள்.

அலைக்குக் காரணம் வேறு. நடுவில் நெருக்கமாகத் தைத்து ஓரத்தைச் சும்மா விட்டிருப்பீர்கள். நடு சுருங்கிவிட்டது, ஓரம் சுருங்கவில்லை; மிச்சத் துணி எங்கே போகும்? ஓரத்தை நெருக்கியிருந்தால் நடு தொப்பையாக எழும்பியிருக்கும்.

கையில் இருப்பதையும் காப்பாற்றலாம். ஓரத்திலும் அதே நெருக்கத்தில் தையுங்கள். பிறகு தண்ணீர் தெளித்து, தெர்மாகோல் மேல் இழுத்துச் சமன் செய்து, அங்குலத்துக்கு ஒரு குண்டூசி குத்தி, முழுக்கக் காயும்வரை நிழலில் விடுங்கள். நனைக்கும் முன் ஈர வெள்ளைத் துணியால் ஒவ்வொரு நிறத்தையும் தேய்த்துப் பாருங்கள். அடர் சிவப்பும் கருநீலமும் பெரும்பாலும் சாயம் விடும். காய்ந்தபின்தான் மூலைமட்டம் வைத்து ஓரம் வெட்ட வேண்டும். 11 அங்குலமாக முடியும், பரவாயில்லை. மொத்தமான பாலியெஸ்டர் பஞ்சு வேண்டாம். மெல்லிய பருத்தி ஷீட்டோ, நனைத்துக் காயவைத்த ஃப்ளானல் என்ற மென்மையான துணி இரண்டு அடுக்கோ தட்டையாக நிற்கும்.

கேள்வி: பழைய பட்டுப்புடவையில் பூ வெட்டினால் ஓரம் பிரிகிறது. இருபக்கமும் ஒட்டும் ஃபியூசிங் (சூட்டில் உருகும் பசைத் தாள்) வைத்தேன். பசை இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது.
– வாசகி, காரைக்குடி

பதில்: வரிசை மாறியிருக்கிறது. முதலில் ஃபியூசிங்கின் காகிதப் பக்கத்தில் பூவைக் கண்ணாடிப் பிம்பமாக வரையுங்கள். கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்டி, பட்டின் பின்பக்கம் வைத்து ஒட்டுங்கள். அதன் பிறகே கோட்டின் மேல் வெட்ட வேண்டும். பசை இழைகளைப் பிடித்துக்கொள்வதால் ஓரம் பிரியாது.

இஸ்திரிக்கு மேலும் கீழும் பட்டர் பேப்பர் போடுங்கள். சூட்டைப் பட்டுக்கான அளவில் வைத்து, பெட்டியை இழுக்காமல் அப்படியே அமுக்கி எடுங்கள். அதிக நேரம் வைத்தால் பசை துணிக்குள் உருகி ஓடிவிடும், பிறகு ஒட்டாது. புடவையின் மடிப்புக் கோடுகளில் பட்டு ஏற்கெனவே நைந்திருக்கும், அந்த இடத்தை எடுக்காதீர்கள்.

கேள்வி: கையால் துணியை நகர்த்தித் தைக்கும்போது அடியில் நூல் கூடாகச் சிக்கிக்கொள்கிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: இப்படித் தைக்க மாட்டும் டார்னிங் ஃபுட் என்ற அமுக்குப் பாதம் துணிக்குச் சற்று மேலே நிற்பதால், பாதத்தை இறக்கும் நெம்புகோலை இறக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதை இறக்கினால்தான் டென்ஷன் தட்டு மேல்நூலைப் பிடிக்கும். நூல் கோப்பதோ நெம்புகோலைத் தூக்கிவைத்து, தைப்பது இறக்கிவைத்து. ஒரு தையல் போட்டுப் பாபினிலிருந்து வரும் அடிநூலை மேலே இழுத்து, இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். 14-ஆம் நம்பர் புது ஊசி போடுங்கள். ஊசிக்கு அடியில் துணியை நகர்த்தும் பல்லை இறக்க முடியாத பழைய மிஷினில் தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்தால் போதும்.

கேள்வி: 8 அங்குலத்துக்குள் மனித உருவம் வைத்தால் முகம் கெட்டுப்போகிறது.
– வாசகி, மதுரை

பதில்: கண், மூக்கை விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் 1886-இல் காட்சிக்கு வைத்த பைபிள் குவில்ட் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் 11 கட்டங்களிலும் கதை சொல்வது வெட்டிய நிழலுருவங்கள்தான். கை தூக்கியிருப்பதும் உடல் சாய்ந்திருப்பதுமே போதுமானதாக இருக்கின்றன. நம் தேர்த் தொம்பைகளில் (தேரில் தொங்கும் உருளைத் துணி அலங்காரங்கள்) துணியை வெட்டித் தைக்கும் உருவங்களையும் கிட்டே போய்ப் பாருங்கள். தலையை ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிதாக வெட்டாதீர்கள்.

கேள்வி: ஆணி தெரியாமல் மாட்டுவது எப்படி?
– வாசகி, புதுச்சேரி

பதில்: 3 அங்குலச் சதுரத் துணி இரண்டைக் குறுக்கே முக்கோணமாக மடித்து, பின்பக்கத்தின் இரு மேல்மூலைகளிலும் ஓரத்தோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். குவில்ட்டைவிட அரை அங்குலம் குறைவான மெல்லிய மரக்குச்சியை இரண்டு முக்கோணப் பைக்குள்ளும் நுழைத்து, குச்சியின் நடுவை ஆணிமேல் உட்காரவையுங்கள்.