சிறுநீரின் நிறம் மாறினால்: சிறுநீரக மருத்துவரின் பதில்கள்

கேள்வி: பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை தொடங்கியதிலிருந்து சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போகிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா டாக்டர்?

பதில்: நிறுத்த வேண்டியதில்லை. அதிலுள்ள ரைபோஃபிளேவின் எனும் பி2 வைட்டமினில் உடலுக்குத் தேவையானது போக மிஞ்சியது வெளியேறும்போது வரும் நிறம் அது.

கேள்வி: காசநோய்க்கு மருந்து சாப்பிடும் என் தம்பிக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது. ரத்தமோ என்று பயந்து மருந்தை விட்டுவிடப் பார்க்கிறான்.

பதில்: ரிஃபாம்பிசின் மருந்து சிறுநீரை மட்டுமன்றி, வியர்வையையும் கண்ணீரையும்கூடச் செம்மஞ்சளாக்கும், அதனால் தீங்கில்லை. பாதியில் மருந்தை விட்டால்தான் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக அது மாறக்கூடும். ஆனால் விழிவெண்மை மஞ்சளாகி, வாந்தியும் பசியின்மையும் சேர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 58. நெடுங்காலமாகப் பீடி பிடிப்பவன். போன மாதம் இரண்டு முறை சிறுநீர் ரத்தச் சிவப்பாகப் போய், தானாகவே நின்றுவிட்டது. வலி எதுவும் இல்லை. பரிசோதனை அவசியமா ஐயா?

பதில்: கட்டாயம் அவசியம், இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். வலி இல்லை என்று நீங்கள் ஆறுதல் கொள்வதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. சிறுநீரகக் கல் விலாவிலிருந்து அடிவயிறு வரை துடிக்க வைக்கும். கிருமித்தொற்று எரிச்சலைத் தரும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயோ தொடக்கத்தில் வலியே இல்லாமல் ஓரிரு முறை ரத்தத்தைக் காட்டிவிட்டு, பிறகு வாரக்கணக்கில் அடங்கியிருக்கும். பீடிப் புகையின் நச்சுகள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, சிறுநீர்ப்பையில் தேங்கி அதன் உட்சுவரைத் தாக்குவதால், புகைப்பவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் சரியாக இருந்தாலும் அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். ஸ்கேனில் சிக்காத சிறு கட்டியை, மெல்லிய குழாய் வழியே உள்ளே பார்க்கும் சிஸ்டோஸ்கோபி காட்டிவிடும். மேலோட்டமான கட்டியாக இருந்தால் வயிற்றைக் கிழிக்காமல் அதே வழியில் அகற்றிவிடலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோரும், மாத்திரையால்தான் இப்படி என்று தாங்களாகவே முடிவு கட்டக் கூடாது.

கேள்வி: பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவப்பாகப் போகுமா?

பதில்: சிலருக்குப் போகும், ஓரிரு நாளில் மறைந்துவிடும். பீட்ரூட் சாப்பிட்ட நினைவே இல்லையெனில் அதன்மேல் பழி போடாதீர்கள்.

கேள்வி: என் 7 வயது மகனுக்குக் காலில் சிரங்கு வந்து ஆறியது. இப்போது சிறுநீர் கோலா பானம்போல் போகிறது. காலையில் முகம் வீங்குகிறது. காமாலை என்று பாட்டி கீழாநெல்லி கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: காத்திருக்காமல் இன்றே குழந்தை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள் அம்மா. காமாலையில் கண்ணும் மஞ்சளாகும். முகவீக்கத்துடன் வரும் கோலா நிறமோ பெரும்பாலும் சிறுநீரக வடிகட்டிகளின் அழற்சி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைவலி வந்தால் 1 முதல் 3 வாரத்திலும், சிரங்கு வந்தால் 3 முதல் 6 வாரத்திலும் இது தலைகாட்டும். இதில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரக்கூடும் என்பதால், முதலில் அதை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகக் குணமடைகிறார்கள். உணவில் உப்பைக் குறையுங்கள். நிறம் தெளிந்த பின்னும் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவு மாதக்கணக்கில் நீடிக்கலாம் என்பதால், மருத்துவர் சொல்லும் நாட்களில் சிறுநீர்ப் பரிசோதனைக்குத் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள்.