கைடு பேசவில்லை, புரோக்கர் விடவில்லை: ஓர் ஆய்வு மாணவரின் தூக்கம்

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் இது எனக்கு மூன்றாம் ஆண்டு. இரண்டாம் அத்தியாயத்தை நெறியாளரிடம் கொடுத்து ஏழு வாரம் ஆகிறது, பதிலே இல்லை. ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்தால்கூட உறுத்துகிறது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பணம் கட்டினால் 20 நாளில் கட்டுரை வெளியிட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஒரு பேப்பராவது வந்தால் நிம்மதி கிடைக்குமா?

பதில்: முதலில் அவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

உங்களுக்கு மட்டும் இப்படி இல்லை. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மனநலச் சிக்கலுக்கு ஆளாகும் நிலையில் இருந்தார். "நாங்களும் பட்டுத்தான் வந்தோம்" என்று பெருமை பேசும் மூத்தவர்கள் காதில் இது விழுவதில்லை.

ஆய்வு வேலைக்குக் கடை சாத்தும் நேரம் கிடையாது. உறுத்தல் அங்கிருந்துதான் வருகிறது. "மூன்றாம் அத்தியாயம் எழுத வேண்டும்" என்று குறித்துவைத்தால் தினமும் தோற்பீர்கள். "நான்காம் அட்டவணைக்குக் கீழே இரண்டு பத்தி" என்று குறியுங்கள், மதியத்துக்குள் முடியும். முடிந்ததும் லேப்டாப்பை மூடுங்கள். வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை, அதில் பேரம் வேண்டாம்.

"சார், அத்தியாயம் பார்த்தீர்களா?" என்று கைடிடம் கேட்டால், படிக்காத அறுபது பக்கம்தான் அவருக்கு ஞாபகம் வரும். பதில் வராது. மூன்றே கேள்வி அனுப்புங்கள்: மாதிரி அளவு போதுமா, இந்தப் பகுதியை எடுத்துவிடலாமா, வெள்ளிக்கிழமை கால் மணி நேரம் வந்து பார்க்கட்டுமா. நேரில் பேசியதை அன்றே நாலு வரியில் மெயில் போட்டுவிடுங்கள். நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று வந்தால் கையில் இருக்கும். மாணவர் எத்தனை பேப்பர் போட்டார் என்று எண்ண எல்லா இடத்திலும் ஆள் உண்டு. வரைவு எத்தனை வாரம் கைடு மேசையில் கிடந்தது என்று எண்ணத்தான் ஆளில்லை.

இந்த இடைவெளியில்தான் புரோக்கர் நுழைகிறார். ஒரு மாணவி தன் போனைக் காட்டினார்: "ஏற்பு 100 சதவீதம் உறுதி. எழுதியவர் வரிசையில் முதல் பெயராக வரத் தனி ரேட்." ரயில் பெர்த் விற்பதுபோல் விற்கிறார்கள். துறை அறிந்தவர்கள் கட்டுரையைப் படித்துத் தரம் பார்ப்பதுதான் மதிப்பாய்வு. ஒழுங்காகச் செய்தால் அதற்கு மாதங்கள் ஆகும். முடிவை யாரும் முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது. ஐஎஸ்எஸ்என் எண்ணைக் காட்டி மயக்குவார்கள். அது இதழின் அடையாள எண், தரச்சான்று அல்ல. நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடி அச்சு அசலாகப் போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு. வெளியான பிறகும் ஆபத்து தீராது: மதிப்பாய்வில் முறைகேடு தெரியவந்து, 2023இல் ஹிந்தாவி பதிப்பக இதழ்கள் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. காசு கொடுத்து வாங்கிய பேப்பர் ஒரு ராத்திரி தூங்கவிடும். பிறகு யார் எப்போது கண்டுபிடிப்பார்களோ என்று வருஷக்கணக்கில் விழித்திருக்க வேண்டும்.

கட்டணம் கேட்டாலே மோசடி என்று அர்த்தமில்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல்லோரும் இலவசமாகப் படிக்கத் திறந்துவைக்கும் நல்ல இதழ்கள் பல, கட்டுரை எழுதியவரிடம் கட்டணம் வாங்குகின்றன. தொகை இதழின் தளத்திலேயே இருக்கும். பெரும்பாலும் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகுதான் கேட்பார்கள். சில இதழ்கள் சமர்ப்பிக்கும்போதே சிறு தொகை வாங்கும், அதையும் முன்பே அறிவித்திருப்பார்கள். பணம் பதிப்பகத்தின் கணக்குக்குப் போகும், தனி ஆளின் கணக்குக்குப் போகாது. வசதியில்லாதவர்களுக்குச் சலுகை தரும் இதழ்களும் உண்டு, கேட்டுப் பாருங்கள். கட்டணமே இல்லாத நல்ல இதழ்களும் ஏராளம். எந்த இதழானாலும் அனுப்புமுன் நூலகரிடம் காட்டுங்கள். இதற்கென்றே இருக்கிறார், யாரும் போய்க் கேட்பதில்லை.

தூக்கக் குறைவும் எதிலும் பிடிப்பின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். கைடிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தால்கூட அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தீசிஸ் காத்திருக்கும்.

இன்று இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். அந்த மூன்று கேள்வி மெயிலைக் காலையில் அனுப்பினால் போதும்.