விண்டோஸ் 10-லேயே இருப்பதா, 11-க்கு மாறுவதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதனால் கணினி நின்றுவிடாது. மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் இனி தாமாக வரமாட்டா, அவ்வளவுதான். மாறலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் அறிய விரும்புவது இரண்டு: அந்தக் கணினி இணையத்தில் என்ன வேலை செய்கிறது, அதை நம்பி எந்தப் பழைய மென்பொருளும் பிரிண்டரும் இருக்கின்றன. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இவற்றை வைத்தே சொல்லப்படுகின்றன.

கேள்வி: 2016-இல் வாங்கிய மடிக்கணினி; இன்டெல் ஐ5 ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை என்று காட்டுகிறது. வங்கிக் கணக்குக்கும் மகளின் படிப்புக்கும் இதைத்தான் பயன்படுத்துகிறோம். புதிதாக வாங்கியே தீரவேண்டுமா?

பதில்: உடனே வாங்கவேண்டிய அவசியம் இல்லை. ஒருசில விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளை மைக்ரோசாஃப்ட் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. உங்கள் கணினி வேலைக்கு உதவாது என்று இதற்குப் பொருள் இல்லை. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும். கணினியில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-வும், உங்களுக்கு ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கும் இருக்கவேண்டும். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கில் காப்பெடுக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. சம்மதம் இல்லையென்றால் 30 டாலர் செலுத்தியோ, மைக்ரோசாஃப்ட் தரும் பரிசுப் புள்ளிகளான ரிவார்ட்ஸில் 1,000 புள்ளிகளைக் கொடுத்தோ சேரலாம். பதிவு செய்வதற்கான இணைப்பு, அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இருக்கும்.

தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ நிறுவும் வழிகளைப் பலர் சொல்லித் தருகிறார்கள். நிறுவ முடியும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஆண்டுதோறும் வரும் புதிய பதிப்பையும் ஒவ்வொரு முறையும் நீங்களே கையால் ஏற்றவேண்டியிருக்கும். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் இதைச் செய்யவேண்டாம் என்பதே என் கருத்து.

அந்தக் காலக்கெடு முடிந்த பிறகும் கணினி நல்ல நிலையில் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் பரிசீலிக்கலாம். அதை நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து இயக்கி வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர் ஆகியவை வேலை செய்கின்றனவா என்று ஒரு மாலை நேரத்தில் பார்த்துவிடலாம். வங்கித் தளங்கள் ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் வழக்கம்போல் திறக்கும். வரித் தாக்கலுக்கு யுஎஸ்பி டோக்கனில் டிஜிட்டல் கையொப்பம் வைத்திருப்பவர்கள் மட்டும், அந்த டோக்கன் லினக்ஸில் இயங்குவதைத் தாமே சோதித்து உறுதி செய்துகொண்ட பிறகே விண்டோஸை நீக்கவேண்டும்.

கேள்வி: 2019-இல் வாங்கிய டெஸ்க்டாப், எட்டாம் தலைமுறை ஐ3. டிபிஎம் 2.0 இல்லை என்று செய்தி வருகிறது. தனியாக வாங்கிப் பொருத்தவேண்டுமா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. டிபிஎம் என்பது குறியாக்கச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி. அந்தத் தலைமுறைச் செயலிகளுடன் வந்த மதர்போர்டு பலகைகள் பெரும்பாலானவற்றில் அது உள்ளேயே இருக்கும், அணைக்கப்பட்டிருக்கும். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று, இன்டெல் பலகையில் பிடிடி என்ற பெயரிலும் ஏஎம்டி பலகையில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் உள்ளதை இயக்கிவிடுங்கள். அதன் பிறகும் தகுதியில்லை என்று வந்தால், விண்டோஸ் லெகசி எனப்படும் பழைய தொடக்க முறையில் நிறுவப்பட்டிருக்கக்கூடும். வன்தட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய எம்பிஆர் அமைப்பிலிருந்து புதிய ஜிபிடி அமைப்புக்கு மாற்றும் கருவி விண்டோஸுடனேயே வருகிறது. கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து வைத்த பிறகு மட்டுமே அதைத் தொடுங்கள்.

பயாஸில் கைவைப்பதற்கு முன், வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். மறுமுறை கணினியைத் திறக்கும்போது அது அந்த எண்ணைக் கேட்டு நிற்கலாம். எண் எங்குமே இல்லையென்றால் வட்டில் உள்ளவற்றை இழக்க நேரிடலாம்.

கேள்வி: எங்கள் மொத்த வியாபாரக் கடையில் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய டாஸ் பில்லிங் புரோகிராம் பல ஆண்டுகளாக ஓடுகிறது. கணினியில் 32 பிட் விண்டோஸ் 10 இருக்கிறது. எல்லாவற்றையும் 11-க்கு மாற்றிவிடுங்கள் என்று ஆடிட்டர் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: அந்த ஒரு கணினியை மட்டும் இப்போது மாற்றாதீர்கள். 32 பிட் விண்டோஸில், விண்டோஸுக்கு முந்தைய காலத்து டாஸ் புரோகிராம்களை இயக்கும் பகுதி ஒன்று உள்ளேயே இருக்கிறது. 64 பிட் விண்டோஸில் அது கிடையாது. விண்டோஸ் 11 வெளிவருவதே 64 பிட்டில் மட்டும்தான். ஆகவே மாற்றிய மறுநாள் காலையில் உங்கள் கடையில் பில் போட முடியாது. மேலும், 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு இருந்தபடியே மேம்படுத்தவும் முடியாது. வட்டைத் துடைத்துப் புதிதாகத்தான் நிறுவவேண்டும்.

ஆடிட்டரின் கவலை நியாயமானது. அதற்கு வழி வேலையைப் பிரிப்பது. ஜிஎஸ்டி, இ-வே பில், மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றுக்கு விண்டோஸ் 11 கொண்ட தனிக் கணினி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பில்லிங் கணினியிலிருந்து இணையக் கம்பியைக் கழற்றிவிடுங்கள், வைஃபையையும் அணைத்துவிடுங்கள். இரவு கடையடைக்கும்போது, உங்கள் தரவு இருக்கும் டிபிஎஃப் கோப்புகளை நகலெடுக்கும் பென்டிரைவை வேறெந்த வேலைக்கும் பயன்படுத்தாமல் இருப்பது முக்கியம். இணையம் இல்லாத கணினிக்குள் வைரஸ் நுழையும் வாசல் அதுவே.

இது நிரந்தரத் தீர்வு ஆகாது. வன்பொருள் என்றாவது ஒருநாள் பழுதாகும். அதற்குள் விண்டோஸ் 11 கணினியில் டாஸ் புரோகிராம்களை இயக்கும் விடாஸ் என்ற மென்பொருளை ஏற்றி, தரவின் ஒரு நகலை மட்டும் வைத்துப் புரோகிராமை ஓட்டிப் பாருங்கள். இதே வேலையைச் செய்யும் டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக உருவானது. விடாஸ் இத்தகைய அலுவலகப் புரோகிராம்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. திரையில் மெனு தெரிந்துவிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ஒரு பில்லை அச்சடித்து, வரிகள் தாளின் கோட்டில் சரியாக விழுகின்றனவா, இரண்டு கவுண்டர்கள் ஒரே நேரத்தில் பில் போட்டால் தரவைத் தேட உதவும் இண்டெக்ஸ் கோப்பு கெடாமல் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கவேண்டும்.

புதிய மென்பொருளுக்குப் போவதென்று முடிவு செய்தாலும் உங்கள் தரவு எங்கும் போய்விடாது. டிபிஎஃப் கோப்புகளை எக்செலிலும் லிப்ரே ஆபிஸிலும் நேராகத் திறந்து, சரக்குப் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 1 அன்று புதுக் கணக்குத் தொடங்கும்போது மாறுவதே நல்லது. ஆண்டின் நடுவில் மாறினால் ஒரே ஆண்டின் கணக்கை இரண்டு இடங்களில் தேடவேண்டியிருக்கும்.

கேள்வி: டிடிபி கடை நடத்துகிறேன். பேஜ்மேக்கர் 7, பாமினி, வானவில் எழுத்துருக்களில் ஏராளமான பழைய கோப்புகள் இருக்கின்றன. விண்டோஸ் 11-க்குப் போனால் எழுத்தெல்லாம் கட்டமாகிவிடுமா?

பதில்: ஆகாது. இந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. எழுத்துருவை நிறுவினால் கோப்பு முன்பு இருந்தபடியே தெரியும். சிக்கல் வருவதென்றால் இரண்டு இடங்களில் வரலாம். ஒன்று, பழைய விசைப்பலகை மென்பொருள் புதிய விண்டோஸில் இயங்காமல் போகலாம். மற்றொன்று பேஜ்மேக்கர், 2001-இல் வந்த அதன் கடைசிப் பதிப்பை அடோபி கைவிட்டு நெடுநாளாகிறது. இரண்டு கணினிகள் இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றி, அதில் ஒரு திருமண அழைப்பிதழைத் தொடக்கம் முதல் பிளேட் எடுக்கும் பிடிஎஃப் வரை செய்து பாருங்கள். புதிய வேலைகளை யுனிகோடில் தொடங்குவது நல்லது என்பேன். மறுபடியும் இதே கேள்வி வரும் நாளில் உங்களுக்குச் சுமை குறைந்திருக்கும்.

கேள்வி: போன வாரம் விண்டோஸ் 11-க்கு மாறினேன். கணினி மிகவும் மெதுவாகிவிட்டது. பழையபடி திரும்ப முடியுமா?

பதில்: மாறிய நாளிலிருந்து 10 நாள்களுக்குள் முடியும். அமைப்புகளில் சிஸ்டம், அதனுள் ரிகவரி என்ற இடத்தில் திரும்பிச் செல்லும் வசதி இருக்கிறது. உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும்; மாறிய பிறகு நிறுவிய மென்பொருள்கள் நீங்கிவிடும். இடம் மிச்சப்படுத்துவதற்காக பழைய விண்டோஸ் வைக்கப்பட்டிருக்கும் விண்டோஸ்.ஓல்ட் கோப்புறையை அழித்துவிட்டீர்கள் என்றால் இந்த வழி அடைபட்டுவிடும்.

திரும்புவதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வட்டின் பயன்பாட்டைப் பாருங்கள். எந்த வேலையும் செய்யாதபோதும் அது 100 விழுக்காட்டிலேயே நின்றால், அநேகமாக உங்கள் கணினியில் இருப்பது சுழலும் வன்தட்டு. 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை மாற்றிப் பொருத்தினாலே வேறுபாடு தெரியும். அதைச் செய்யாமல் விண்டோஸ் 10-க்குத் திரும்பினால், முதல் கேள்விக்குச் சொன்ன பாதுகாப்புத் திட்டத்தில் அன்றே பதிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: விண்டோஸ் 11 மடிக்கணினிதான். ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பை வந்த அன்றே ஏற்றவேண்டுமா?

பதில்: வேண்டாம். மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். பெரிய பதிப்புக்குச் சில வாரங்கள் பொறுக்கலாம். ஹோம், புரோ இரண்டிலும் ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாத ஆதரவு இருக்கிறது.