லோஷன் போட்டும் மூன்றாம் வாரம் பேன் திரும்பி வருவது ஏன்?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. தலையில் பேன். கடையில் வாங்கிய லோஷனை இரண்டு முறை போட்டுவிட்டேன். போட்ட அன்று செத்த பேன் கொட்டும், இரண்டு மூன்று வாரம் நிம்மதி, பிறகு பழையபடி சொறிய ஆரம்பித்துவிடுகிறாள். பள்ளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வருகிறதா, தலையணையிலிருந்து வருகிறதா? நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். தினமும் உட்கார்ந்து பேன் பார்க்க நேரமில்லை. முடியை ஒட்ட வெட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். தம்பிக்கு நான்கு வயது, அவனுக்கும் மருந்து போட வேண்டுமா?

பதில்: முடியை வெட்ட வேண்டாம். தினமும் பார்க்கவும் வேண்டாம். 17 நாளில் ஐந்து மாலை, ஒவ்வொரு மாலையும் அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த ஐந்து மாலையும் எந்தெந்த நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புது லோஷன் தேடுவதற்கு முன்னால் காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் "இரண்டு மூன்று வாரம்" என்ற கணக்கே நடந்தது என்ன என்று காட்டிக்கொடுக்கிறது. லோஷன் அன்றைக்குத் தலையில் ஓடிக்கொண்டிருந்த பேனைக் கொன்றது. முடியில் ஒட்டியிருந்த ஈருக்குள் இருந்ததில் ஒரு பகுதி பிழைத்துக்கொண்டது. ஈர் இட்ட நாளிலிருந்து 7 முதல் 10 நாளுக்குள் பொரியும். வெளியே வரும் குஞ்சு குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். அது மூன்று முறை தோலுரித்து, ஒரு வாரம் பத்து நாளில் எள் அளவுக்கு வளர்ந்து, தானே ஈர் இட ஆரம்பிக்கும். ஒரு பெண் பேன் ஒரு நாளைக்கு 8 ஈர் வரை இடும், ஏறக்குறைய ஒரு மாதம் உயிரோடு இருக்கும். ஆக, லோஷன் போட்ட நாளில் ஈராக இருந்தது மூன்றாம் வாரத்தில் குடும்பம் நடத்தத் தயாராகிவிடுகிறது. பெரும்பாலும் புதிதாக எதுவும் வந்திருக்காது. பழையது முழுதாகப் போகவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு முறை போட்டேன் என்கிறீர்கள். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் எத்தனை நாள் இடைவெளி? மறுபடி சொறிய ஆரம்பித்த பிறகுதான் போட்டீர்கள் என்றால், அது இரண்டாம் தவணை ஆகாது. முதல் தவணையையே இரண்டு தடவை போட்டிருக்கிறீர்கள். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பெர்மெத்ரின் 1% லோஷனுக்கு இரண்டாம் தவணை 9-ஆம் நாள். முதல் தவணைக்குத் தப்பிய ஈர் பொரிந்திருக்க வேண்டும், பொரிந்த குஞ்சு ஈர் இடும் வயதை எட்டியிருக்கக் கூடாது. அந்த இடுக்குக்குள் விழுவதால்தான் 9-ஆம் நாள். தலையில் ஒன்றுமே தெரியாவிட்டாலும் அன்றைக்குப் போட்டாக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கோட்டை விடுவது இங்கேதான்.

போடும் விதத்திலும் சில தவறுகள் நடக்கும். கண்டிஷனர் கலந்த ஷாம்பூவால் தலைக்குக் குளித்துவிட்டு லோஷன் போட்டால், முடிமேல் வழவழப்பான படலம் படிந்திருக்கும், மருந்து சரியாக ஒட்டாது. சொட்டச் சொட்ட ஈரமான முடியில் போட்டால் மருந்து நீர்த்துப்போகும். துண்டால் நன்றாக ஒற்றி எடுத்து, முடி லேசாக நமுத்திருக்கும் பதத்தில் போட வேண்டும். நீளமான, அடர்த்தியான முடிக்கு ஒரு பாட்டில் பற்றாமல் போகலாம். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் அடிமுடி நனைந்ததா என்று விரலால் விலக்கிப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து அலசுங்கள். கூடுதல் நேரம் வைப்பதால் கூடுதல் பலன் இல்லை, பிளாஸ்டிக் பையால் தலையைக் கட்டி இரவு முழுக்க விடுவது தோலுக்குக் கெடுதல். அலசிய பிறகு ஒன்றிரண்டு நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம், முடியில் மிச்சமிருக்கும் மருந்தும் கொஞ்ச நாள் வேலை செய்யும். மருந்துக்கு மருந்து நேரமும் இடைவெளியும் மாறும். உங்களிடம் இருப்பது வேறு மருந்தென்றால் அதன் அட்டையில் போட்டிருப்பதே கணக்கு.

இவ்வளவும் சரியாகச் செய்தும் 8 முதல் 12 மணி நேரம் கழித்துப் பேன் பழைய சுறுசுறுப்போடு ஓடினால், அந்தப் பேனுக்கு மருந்து பழகிவிட்டது என்று பொருள். பெர்மெத்ரினுக்கு அசையாத பேன் உலகத்தின் பல பகுதிகளில் இருக்கிறது. அதையே மூன்றாம் முறை போடாதீர்கள். வேறு வகை மருந்துக்கு மருத்துவரைக் கேளுங்கள். மாறாக, சில பேன் மட்டும் மந்தமாக, தள்ளாடிக்கொண்டு நகர்ந்தால் மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது. அவற்றைச் சீப்பால் எடுத்துவிட்டு 9-ஆம் நாளுக்குக் காத்திருங்கள்.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது மருந்தில்லாத வழி. இரண்டு முறை லோஷன் தோற்ற தலைக்கு, கண்டிஷனரும் பேன் சீப்பும் கொண்டு ஈர முடியைச் சீவுவதே நம்பகமானது. எந்த மருந்து பழகிப்போன பேனும் சீப்புக்குத் தப்ப முடியாது. பொறுமை வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அரை மணி நேரப் பொறுமை போதும்.

சீப்பு முக்கியம். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே 0.3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குஞ்சு நழுவிவிடும். மென்மையான பிளாஸ்டிக் பற்கள் அடர்ந்த முடியில் வளைந்து விரியும். நீளமான உலோகப் பற்கள் உள்ளதாக வாங்குங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பற்களுக்கு நடுவே இழை போன்ற ஒளிக்கோடுதான் தெரிய வேண்டும்.

தலையைச் சாதாரண ஷாம்பூவால் அலசி, கண்டிஷனரைத் தாராளமாகப் பூசுங்கள். முடி வெள்ளையாகத் தெரிகிற அளவுக்குப் பூசலாம், இதை அலசாமல்தான் சீவப்போகிறோம். கண்டிஷனரில் பேன் வேகமாக ஓட முடியாது, சீப்பும் வழுக்கிக்கொண்டு போகும், குழந்தைக்கும் வலிக்காது. முதலில் அகலப் பல் சீப்பால் சிக்கெடுங்கள். பிறகு முடியை நான்காகப் பிரித்து மூன்றைக் கிளிப் போட்டுவிட்டு, மிச்சமிருப்பதில் இரண்டு விரல் அகலக் கற்றையாக எடுங்கள். பேன் சீப்பின் பற்கள் மண்டைத் தோலைத் தொட வேண்டும். அங்கிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளை டிஷ்யூ தாளில் துடைத்துப் பாருங்கள். வெள்ளை நுரையில் பழுப்புப் புள்ளியாக, சில சமயம் கால்களை அசைத்துக்கொண்டு தெரியும். ஒரே கற்றையை மேலிருந்தும் கீழிருந்தும் இரு பக்கத்திலிருந்தும் சீவுங்கள். முழுத் தலையும் முடிந்த பிறகு கண்டிஷனரை அலசிவிட்டு, இன்னொரு முறை ஈரத்தோடு சீவுங்கள். முதல் சுற்றில் தப்பியது இரண்டாம் சுற்றில் அகப்படும். குட்டை முடிக்குப் பத்து நிமிடம், நீள முடிக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். கழுத்து வலிக்காத உயரத்தில் நாற்காலி, நல்ல விளக்கு, குழந்தை கையில் ஏதாவது படம் ஓடும் போன். போனைத் தடைசெய்து வைத்திருக்கும் வீடானாலும் இந்த அரை மணி நேரத்துக்கு விதிவிலக்கு கொடுத்துவிடலாம்.

இப்போது தேதிகள். 1, 5, 9, 13. இந்த நான்கு நாளும் முழுச் சீவல். 17-ஆம் நாள் ஒரு சோதனைச் சீவல். நான்கு நாளுக்கு ஒருமுறை சீவும்போது, இடையில் பொரிந்த குஞ்சுகள் வளர்ந்து ஈர் இடுவதற்குள் அகப்பட்டுக்கொள்ளும். புது ஈர் விழாது, பழைய ஈர் தீர்ந்துகொண்டே வரும். உங்கள் வேலைநாளுக்கு ஏற்ப முதல் நாளைத் தேர்ந்தெடுங்கள். சனிக்கிழமை தொடங்கினால் அடுத்தவை புதன், ஞாயிறு, வியாழன், சோதனை திங்கள். நீங்கள் இருவரும் ஆளுக்கு இரண்டு மாலை பிரித்துக்கொள்ளலாம். ஒரு நாள் தள்ளிப்போனால் மறுநாளே முடித்துவிடுங்கள், இரண்டு மூன்று நாள் தள்ளினால் கணக்கு குழம்பிவிடும்.

5-ஆம் நாளோ 9-ஆம் நாளோ குட்டிக் குஞ்சுகள் வந்தால் பதற வேண்டாம், எதிர்பார்த்ததுதான். எள் அளவு வளர்ந்த பேன் வந்தால் யோசிக்க வேண்டும். ஒன்று, முதல் நாள் தவறவிட்டிருக்கிறீர்கள். அல்லது வேறொரு தலையிலிருந்து புதிதாக ஏறியிருக்கிறது. இரண்டில் எதுவானாலும் அந்த நாளை 1-ஆம் நாளாக வைத்துக் கணக்கைத் திரும்பத் தொடங்குங்கள்.

வேறொரு தலை என்றால் யாருடையது? பள்ளித் தோழியாக இருக்கலாம். ஆனால் முதலில் உங்கள் தலையைப் பாருங்கள். மகளைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு தூங்கும் அம்மாவின் தலையில் நாலைந்து பேன் சத்தமில்லாமல் இருப்பது சாதாரணம். அரிப்பு என்பது பேனின் எச்சிலுக்குத் தோல் காட்டும் ஒவ்வாமை. முதல்முறை பேன் பிடித்தவருக்கு அது தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அரிக்கவில்லை என்பதால் பேன் இல்லை என்று ஆகிவிடாது. 1-ஆம் நாளன்றே வீட்டில் எல்லோர் தலையையும் ஈரச் சீப்பால் ஒருமுறை சீவிப் பாருங்கள். உலர்ந்த முடியை விலக்கிக் கண்ணால் தேடினால் நிறையத் தப்பிவிடும். தம்பி தலையில் உயிருள்ள பேன் இருந்தால் அவனுக்கும் அதே தேதிகளில் அதே சீவல். இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம். முன்னெச்சரிக்கையாக மருந்து பூசுவதில் பலன் இல்லை.

ஈர்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். மண்டையை ஒட்டி, ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்குள் இருப்பவைதான் பெரும்பாலும் உயிருள்ளவை. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். பத்து நாளில் பொரிகிற ஈர் அதற்குள் மூன்று மில்லிமீட்டர்தான் விலகியிருக்கும். ஆகவே ஒரு சென்டிமீட்டருக்கு அப்பால் வெள்ளையாக மின்னுபவை பெரும்பாலும் காலிக் கூடுகள். வெப்பமான ஊர்களில் இன்னும் தள்ளியும் உயிர் ஈர் இருக்கும் என்பதால் பிடரிப் பக்கம் மட்டும் கொஞ்சம் கவனம். காலிக் கூட்டை நகத்தால் உருவிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. பொடுகா ஈரா என்று சந்தேகம் வந்தால் விரலால் தள்ளிப் பாருங்கள். பொடுகு உதிரும், ஈர் முடியைப் பற்றிக்கொண்டு அசையாது.

தலையணை விஷயத்தில் பேனைப் பெருமாளாக்க வேண்டாம். தலையை விட்டு விழுந்த பேன் இரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். ஈர் பொரிய மண்டைச் சூடு வேண்டும். கடைசி இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, தொப்பி ஆகியவற்றை 54 டிகிரிக்கு மேல் சூடான நீரில் துவைத்தால் போதும். சீப்புகளை அதே சூட்டு நீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். துவைக்க முடியாத பொம்மையைப் பையில் கட்டி இரண்டு வாரம் வைக்கலாம். வீட்டுக்குள் பூச்சி மருந்து அடிப்பது வீண், குழந்தைகள் மூச்சில் போவதுதான் மிச்சம்.

தலையில் மண்ணெண்ணெய், பெட்ரோல், செடிக்கோ நாய்க்கோ அடிக்கும் மருந்து எதையும் வைக்காதீர்கள். முதல் இரண்டும் தீப்பிடிக்கும், மண்டைத் தோலையும் புண்ணாக்கும். மூன்றாவது தோல் வழியாக உடம்புக்குள் போகும். வினிகர் ஈரின் பசையைக் கரைக்கும் என்பதையும் நம்பிவிட முடியாது. எண்ணெய் சீப்பை வழுக்க வைக்கும், அந்த அளவுக்குக் கண்டிஷனருக்கு மாற்றாகலாம். ஈரைக் கொல்லாது.

பள்ளிக்கு அனுப்பலாம். பேனுக்காகக் குழந்தையை வீட்டில் நிறுத்த வேண்டியதில்லை என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடும். பேன் பறக்காது, குதிக்காது. தலையோடு தலை ஒட்டும்போது ஏறும், ஒரே போனுக்குள் மூன்று தலைகள் எட்டிப் பார்க்கும்போதும் ஏறும். முடியை இறுக்கிப் பின்னி அனுப்புங்கள். மகளின் நெருங்கிய தோழிகள் இரண்டு மூன்று பேரின் பெற்றோருக்கு உங்கள் 1-ஆம் நாள் எது என்று சொல்லி, அன்றே அவர்களையும் சீவிப் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் குளிக்கிற சுத்தமான தலைக்கும் பேன் வரும், இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. கூச்சப்பட்டு மறைக்கும் ஒரு வீட்டிலிருந்துதான் மற்ற நாலு வீட்டுக்கும் திரும்பத் திரும்ப வருகிறது.

சொறிந்த இடத்தில் சீழோ மஞ்சள் பொருக்கோ, கழுத்தில் வலிக்கும் கட்டியோ, காய்ச்சலோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், புண்ணில் கிருமி சேர்ந்திருக்கலாம். பேன் எல்லாம் போன பிறகும் ஒன்றிரண்டு வாரம் அரிப்பு இருக்கலாம். அதைப் பார்த்து மறுபடி லோஷன் எடுக்காதீர்கள். சீப்பில் உயிருள்ள பேன் வந்தால்தான் சிகிச்சை. 17-ஆம் நாள் சீப்பு சுத்தமாக வந்தால், அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை தலைக்குக் குளிக்கும் நாளில் கண்டிஷனரோடு பிடரியிலும் காதோரத்திலும் மட்டும் பத்து இழுப்பு இழுத்துத் தாளில் துடைத்துப் பார்த்தால் போதும்.